சேரிக்கு வராத கம்பி: கிராமப்புற பிராட்பேண்ட் மானியத்தின் இருபது ஆண்டுகள்

2004ஆம் ஆண்டில் தில்லியில் எட்டு மாத இடைவெளியில் இரண்டு வரையறைகள் எழுதப்பட்டன. முதலாவது மின்துறை அமைச்சகம் பிப்ரவரியில் எழுதியது. ஒரு கிராமத்தை 'மின்வசதி பெற்ற கிராமம்' என்று எப்போது சொல்லலாம் என்பது அதன் பொருள். இரண்டாவது தொலைத்தொடர்புத் துறை அக்டோபரில் வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கையில் வந்தது. எந்த இணைப்பை 'பிராட்பேண்ட்' என்று சொல்லலாம் என்பது அதன் பொருள். முதல் வரையறையில் 'தலித் பஸ்தி' என்ற சொல் இருக்கிறது. இரண்டாவதில் நாம் இல்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றியது.

மின்சாரத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். அது தெரிந்தால்தான் இன்டர்நெட்டின் கதை புரியும்.

1997 வரை இந்தியாவில் ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எங்காவது, எதற்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அந்தக் கிராமம் மின்வசதி பெற்றதாகிவிடும். வயல் நடுவே ஒரு பண்ணையாரின் பம்புசெட் ஓடினால் ஊர் முழுக்க வெளிச்சம் வந்துவிட்டதாகப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். 1997ல் இதைக் கொஞ்சம் திருத்தினார்கள். மின்சாரம் வயலில் இருந்தால் போதாது, மக்கள் குடியிருக்கும் பகுதியில் இருக்க வேண்டும் என்றார்கள். யாருடைய குடியிருப்பு என்று கேட்கவில்லை. ஊர்த்தெருவில் நாலு வீட்டில் பல்பு எரிந்தாலும் கணக்கு நேராகிவிடும்.

2004 பிப்ரவரியில் இரண்டாவது முறை திருத்தினார்கள். டிரான்ஸ்பார்மரும் மின்கம்பிகளும் பொதுக் குடியிருப்பில் இருக்க வேண்டும், தலித் குடியிருப்பு இருந்தால் அங்கேயும் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம், பஞ்சாயத்து அலுவலகம், சுகாதார நிலையம் போன்ற இடங்களுக்கு மின்சாரம் போக வேண்டும். மொத்த வீடுகளில் குறைந்தது 10 சதவீதத்துக்கு இணைப்பு இருக்க வேண்டும். இந்த 10 சதவீதத்தைப் பலர் கிண்டல் செய்தார்கள், நியாயம்தான். பத்தில் ஒன்பது வீடு இருட்டில் இருந்தாலும் ஊர் வெளிச்சமானதுதான் என்று சொல்லும் வரையறை அது. ஆனாலும் அதன் நடுவில் இருந்த அந்த ஒரு வரியை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. இந்தியக் கிராமம் ஒன்றல்ல, இரண்டு என்று ஒரு பொறியியல் துறை தன் அளவுகோலுக்குள்ளேயே எழுதிவைத்தது. டிரான்ஸ்பார்மர் ஊரில் நின்றுவிட்டால் வேலை முடியவில்லை என்று எழுதிவைத்தது. அடுத்த ஆண்டு வந்த ராஜீவ்காந்தி கிராமப்புற மின்மயத் திட்டம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்த வீடுகளுக்கு இலவச இணைப்பு என்று போனது.

சாலைகளிலும் இப்படி ஒரு மாற்றம் நடந்தது. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் வருவாய்க் கிராமத்தை எண்ணவில்லை, குடியிருப்பை எண்ணியது. தமிழ்நாட்டின் ஒரு விளக்குத் திட்டம் இன்னும் ஒரு படி இறங்கி, குடிசையையே எண்ணியது. எதை எண்ணுகிறோமோ அங்கேதான் பணம் போய்ச் சேரும். சமூகவியல் வகுப்பில் இதற்குப் பெரிய பெரிய சொற்கள் வைத்திருக்கிறார்கள். தேர்வுக்கு அவை உதவும். களத்தில் இந்த ஒரு வாக்கியம் போதும்.

இனி தொலைத்தொடர்பு.

கிராமங்களுக்குத் தொலைபேசி கொண்டுபோவதற்கு ஒரு நிதி வேண்டும் என்று 1999ஆம் ஆண்டு புதிய தொலைத்தொடர்புக் கொள்கை சொன்னது. 2002 ஏப்ரல் 1 முதல் அந்த நிதி நடைமுறைக்கு வந்தது. 2003ல் தந்திச் சட்டத்தைத் திருத்தி அதற்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தார்கள். அனைவருக்குமான சேவைக் கடப்பாட்டு நிதி என்பது அதன் பெயர். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை இதற்குக் கட்ட வேண்டும். நிறுவனங்கள் கட்டுகின்றன என்றால் யாருடைய பணம்? நாம் போடும் ரீசார்ஜ்தான். நூறுநாள் வேலைக்குப் போகும் அக்கா போடும் ரீசார்ஜிலிருந்தும் இந்த நிதிக்குப் பணம் போகிறது. பல ஆண்டுகள் இதில் பல்லாயிரம் கோடி ரூபாய் செலவாகாமல் கணக்கில் மட்டும் கிடந்தது.

அந்த நிதி முதலில் எண்ணியது வருவாய்க் கிராமத்தை. ஊருக்கு ஒரு பொதுத் தொலைபேசி. பாரத் நிர்மாண் திட்டத்தில் 2005ல் கணக்கெடுத்தபோது 66,822 கிராமங்கள் பாக்கி இருந்தன. அந்தக் கிராமங்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் போன் போனது. போன் ஊரில் எந்த வீட்டில், எந்தக் கடையில் வைக்கப்படும், அந்தத் திண்ணையில் ஏறி யார் பேசலாம் என்பதற்கு அளவுகோலில் இடமில்லை.

2004 அக்டோபர் பிராட்பேண்ட் கொள்கை வேகத்துக்கு ஒரு கோடு கிழித்தது: வினாடிக்கு 256 கிலோபிட், அதாவது 256 கேபிபிஎஸ். 2010க்குள் 2 கோடி இணைப்பு என்பது இலக்கு. 2010 முடிந்தபோது ஏறக்குறைய 1.1 கோடி வந்திருந்தது. நடுவில் 2009 ஜனவரியில் அந்த நிதியிலிருந்து பிஎஸ்என்எல்லுக்கு மானியம் கொடுத்து, கிராமப்புறத்தில் எட்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பிராட்பேண்ட் இணைப்புகள் தர ஒப்பந்தம் போட்டார்கள். பழைய செப்புக் கம்பி வழியாகத்தான். செப்புக் கம்பியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு வேகம் குறையும். இது வெறும் இயற்பியல். ஆனால் அந்தத் தூரத்தின் கடைசியில் யார் இருக்கிறார்கள் என்பது இயற்பியல் இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், சுடுகாட்டுக்குப் பக்கத்தில், சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே என்று நம் குடியிருப்புகளைத் தள்ளிவைத்தது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேக வரையறையின் வரலாறு ஒரு வேடிக்கை. 2012 தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, 256ஐ உடனே 512 ஆக்குவோம், 2015க்குள் 2 எம்பிபிஎஸ் ஆக்குவோம் என்றது. 512 வந்தது 2013 ஜூலையில். 2 எம்பிபிஎஸ் வந்தது 2023 ஜனவரியில், சொன்ன தேதிக்கு எட்டு ஆண்டுகள் தாமதமாக. அதற்கு நடுவில் 2018ல் இன்னொரு கொள்கை வந்து, 2022க்குள் ஒவ்வொரு குடிமகனுக்கும் 50 எம்பிபிஎஸ் என்று அறிவித்தது. அந்த 2022 முடிந்த அடுத்த மாதம்தான் 2 எம்பிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட் என்று அரசிதழில் வெளியிட்டார்கள். கொள்கைக்கு 50, சட்டப்படியான அளவுக்கு 2.

512 கேபிபிஎஸ் என்றால் என்ன? 30 எம்பி அளவுள்ள ஒரு பாட வீடியோ இறங்க ஏறக்குறைய எட்டு நிமிடம், அதுவும் அந்த வேகம் முழுசாகக் கிடைத்தால். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்பு நடந்தபோது இந்தியாவின் அதிகாரபூர்வ பிராட்பேண்ட் இதுதான். அதற்கு முன் 2017-18ல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி கிராமப்புற வீடுகளில் 14.9 சதவீதத்தில்தான் இணைய வசதி இருந்தது. கம்ப்யூட்டர் இருந்தது 4.4 சதவீத வீடுகளில்.

இன்னொரு ஓட்டையையும் இங்கே சொல்ல வேண்டும். இந்த வரையறைகள் எல்லாம் பதிவிறக்கத்துக்கு மட்டும்தான். நாம் மேலே அனுப்பும் வேகத்துக்குக் குறைந்தபட்சம் எதுவும் இல்லை. படம் பார்க்க மட்டும் இன்டர்நெட் வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. நமக்கு அப்படியில்லை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் நூறுநாள் வேலையின் எல்லாப் பணித்தளங்களிலும் வருகைப் பதிவை செல்போன் செயலியில், இடக்குறியீட்டோடு, ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். படம் ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உழைத்த நாளுக்குக் கூலி கேட்டு அலைய வேண்டும். நாங்கள் வேலை செய்யும் கிராமங்களில் பணித்தளப் பொறுப்பாளர்கள் சிக்னல் தேடிக் கரையேறி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். கூலியை இன்டர்நெட்டோடு கட்டிப்போட்ட அரசு, அந்த இன்டர்நெட்டின் மேல்நோக்கிய வேகத்துக்கு ஒரு எண்கூட எழுதிவைக்கவில்லை.

மானியத்துக்குத் திரும்புவோம். 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை தேசிய ஆப்டிகல் ஃபைபர் வலையமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஏறக்குறைய 20,000 கோடி ரூபாய், அதே நிதியிலிருந்து. இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஃபைபர், ஒவ்வொன்றுக்கும் 100 எம்பிபிஎஸ், இரண்டே ஆண்டில். நான்கு ஆண்டு கழித்தும் வேலை நகரவில்லை. 2015ல் பாரத்நெட் என்று பெயர் மாறியது. 2017 டிசம்பரில் முதல் கட்டமாக ஒரு லட்சம் பஞ்சாயத்துகள் முடிந்தன என்றார்கள். அதற்குள் மொத்தச் செலவு மதிப்பீடு 42,068 கோடி ஆகியிருந்தது.

தாமதத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நாம் கேட்க வேண்டியது வேறு. அந்தக் கேபிள் எங்கே முடிகிறது? பஞ்சாயத்து அலுவலகத்தில். திட்டத்தின் வடிவமே அப்படித்தான்: ஒன்றியத்திலிருந்து பஞ்சாயத்து வரை அரசு கொண்டுபோகும், அங்கிருந்து வீடுகளுக்குத் தனியார் நிறுவனங்களோ கேபிள்காரர்களோ லாபம் பார்த்துக் கொண்டுபோவார்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் பெட்டி வைத்து விளக்கு எரிந்தால் அந்தப் பஞ்சாயத்து 'சேவைக்குத் தயார்'. 1997க்கு முந்தைய பம்புசெட் கணக்கு நினைவுக்கு வருகிறதா?

தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் 79 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குக்கிராமங்கள். ஒரு ஊராட்சிக்குச் சராசரியாக ஆறு. ஃபைபர் ஒன்றில் முடிந்தால் ஐந்து பாக்கி. அந்த ஐந்தில் காலனி இருப்பதற்கான வாய்ப்பு அதிகம். ஊராட்சி அலுவலகம் பெரும்பாலும் ஊரில்தானே கட்டப்படுகிறது?

அந்த அலுவலகத்தைப் பற்றி நம் மாநிலத்தில் யாரும் அப்பாவியாகப் பேச முடியாது. மேலவளவில் தேர்தலில் வென்றும் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க விடப்படாத தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலித் தலைவர் ஒருவர் அந்த நாற்காலியில் நிலைத்து உட்கார முடியவில்லை. 2020ல் கடலூர் மாவட்டத்தில் ஒரு தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். ஊராட்சித் தலைவரே நாற்காலிக்குப் போராட வேண்டிய கட்டடத்தில் ஃபைபரைக் கொண்டுபோய் முடித்துவிட்டு, கிராமம் இணைந்துவிட்டது என்று சொல்கிறார்கள்.

100 எம்பிபிஎஸ் என்ற எண்ணையும் பிரித்துப் பார்ப்போம். ஐம்பது வீடுகள் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் வீட்டுக்கு 2 எம்பிபிஎஸ். ஒரு ஊராட்சியில் பல நூறு வீடுகள் உண்டு. தமிழ்நாடு தன் பங்குக்கு, டான்ஃபிநெட் நிறுவனம் மூலம் ஒவ்வொரு ஊராட்சிக்கும் 1 ஜிபிபிஎஸ், அதாவது பத்து மடங்கு, என்று திட்டமிட்டது. நல்ல எண். ஆனால் ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் டெண்டரில் நிபந்தனைகள் சிலருக்குச் சாதகமாக வளைக்கப்பட்டிருக்கின்றன என்று அறப்போர் இயக்கம் புகார் கொடுத்தது. 2020 ஜூனில் ஒன்றிய அரசு அந்த டெண்டரை ரத்து செய்யச் சொன்னது. பள்ளிகள் மூடிக் கிடந்து, பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஜூன்.

'ஃபைபருக்கு சாதி தெரியுமா? எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. இந்தியாவின் பிராட்பேண்ட் சந்தாதாரர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் செல்போன் வழியாகத்தான் வருகிறார்கள் என்பது உண்மை. நம் ஆட்களின் முதல் இன்டர்நெட்டும் போன்தான். அம்பேத்கர் பேச்சைக் கேட்டதும், அரசாணையைத் தேடி எடுத்ததும், வன்கொடுமை வீடியோவை வெளியே கொண்டுவந்ததும் அதில்தான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் டவரைப் பல பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும், டேட்டாவுக்கு தினசரி அளவு உண்டு, ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன். ஊர்த்தெரு வீட்டுக்கு மானிய ஃபைபரும் காலனி வீட்டுக்கு ரீசார்ஜும் என்று பிரிந்தால், பொதுப்பணத்தில் போட்ட கம்பி யாருக்கு என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

அந்தக் கேள்வி நமக்குப் புதிது இல்லை. 1923ல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே.போலே கொண்டுவந்த தீர்மானத்தின் தர்க்கமே அதுதான்: பொதுப்பணத்தில் கட்டி, பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் குளமும் கிணறும் தீண்டப்படாதவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு மஹாட் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. அதே 1924ல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலை, பொதுக்கிணறு உரிமைக்கான தீர்மானத்தை நிறைவேற்ற வைத்தார். தீர்மானம் இருந்தும் மஹாட்டில் யாரும் தண்ணீர் எடுக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானவர்களும் நடந்துபோய்க் குடித்தார்கள். தீர்மானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்த தூரத்தை இன்றைய தொலைத்தொடர்புக்காரர்கள் 'கடைசி மைல்' என்கிறார்கள்.

இப்போது அளவுகோல் மறுபடி மாறிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இதை இப்போது எழுதுகிறோம். 2023 ஆகஸ்டில் திருத்திய பாரத்நெட் திட்டத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கொடுத்தார்கள். 2.64 லட்சம் பஞ்சாயத்துகளுக்கு ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வேலை செய்யும் வளைய அமைப்பு. பஞ்சாயத்துத் தலைமையிடம் இல்லாத மற்ற 3.8 லட்சம் கிராமங்களுக்கு 'கேட்டால்' ஃபைபர். ஒன்றரைக் கோடி கிராமப்புற வீட்டு இணைப்புகள். பஞ்சாயத்திலிருந்து கிராமத்துக்கு ஒரு படி இறங்கியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. குடியிருப்புக்கு இன்னும் இறங்கவில்லை. 'கேட்டால்' என்ற சொல்லும் உறுத்துகிறது. யார் கேட்க வேண்டும், யாருடைய கோரிக்கை மேலே போகும் என்பதை ஊரில் யார் தீர்மானிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

2023 தொலைத்தொடர்புச் சட்டம் அந்தப் பழைய நிதிக்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று புதுப்பெயர் வைத்தது. 2024 ஆகஸ்டில் வந்த அதன் விதிகளில் நமக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொழுகொம்பு இருக்கிறது. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பொருளாதார ரீதியாகவும் சமூக ரீதியாகவும் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கான சேவைக்கு இந்த நிதியைப் பயன்படுத்தலாம் என்கிறது விதி. சாதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. மின்துறை 2004லேயே எழுதிய சொல்லை எழுதத் தொலைத்தொடர்புத் துறைக்கு இருபது ஆண்டுகள் கழித்தும் கை வரவில்லை. என்றாலும் வாசல் திறந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2024ல் நிறைவேறிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டமும் கையில் இருக்கிறது.

வேறு வழியில் செய்ய முடியும் என்பதற்குப் பக்கத்து மாநிலமே உதாரணம். கேரளத்தின் கே-ஃபோன் திட்டம் 2023 ஜூனில் தொடங்கியபோது எண்ணியது வீட்டை, அதுவும் ஏழை வீட்டை. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. முதல் கட்டத்தில் தொகுதிக்கு நூறு வீதம் 14,000 வீடுகள். இலக்குக்கும் தொடக்கத்துக்கும் இடையே தூரம் அதிகம்தான். ஆனால் அங்கே ஒரு ஏழைக் குடும்பம் 'என் வீட்டுக்கு ஏன் வரவில்லை' என்று கேட்கலாம். இங்கே கேட்டால் 'உங்கள் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டதே' என்று பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்த கிராம சபைக்குப் போகும் தோழர்கள் மூன்று விஷயங்களைத் தீர்மானமாகக் கேளுங்கள். ஒன்று, ஊராட்சிக்கு வந்த ஃபைபர் எந்தக் கட்டடத்தில் முடிந்திருக்கிறது, அங்கிருந்து காலனிக்கு எத்தனை மீட்டர். இரண்டு, காலனிக்கு ஃபைபர் வேண்டும் என்ற கோரிக்கை, குடியிருப்பின் பெயரோடு, தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். மூன்று, காலனியில் உள்ள பள்ளி, அங்கன்வாடி அல்லது சமுதாயக் கூடத்தில் வேகத்தை அளந்து, இறக்கமும் ஏற்றமும் இரண்டையும் தேதி, நேரத்தோடு பதிவு செய்ய வேண்டும். வேகம் அளக்க டிராயின் இலவசச் செயலி இருக்கிறது. ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்தால் போதும். பஞ்சாயத்து அலுவலகத்திலும் அதே நேரத்தில் ஒருவர் அளக்கட்டும். இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். ஊராட்சி வாரியாகத் தொகுத்து, விதியில் உள்ள அந்த 'சமூக ரீதியாக நலிந்த பிரிவினர்' என்ற வரியைக் காட்டி, டிஜிட்டல் பாரத் நிதி நிர்வாகத்துக்கும் மாநில அரசுக்கும் மனுவாகக் கொடுக்கப்போகிறோம். பதில் வராத இடங்களில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அடுத்த மனு. அதற்குக் கட்டணம் 10 ரூபாய்.